இன்னும் கொஞ்சம் வளரட்டும்

வணக்கம் சார்,

ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு சிற்றூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேட்டைக்காரர். ஊரை ஒட்டிய காட்டை வேட்டைக்குக் குத்தகை எடுத்திருக்கிறார். போன வாரம் கைபேசியில் ஒரு படம் காட்டினார். ரோ மான், ஐரோப்பாவின் சிறிய மான் வகை. தலையில் கொம்புக்குப் பதிலாக காலிஃபிளவர் மாதிரி ஒரு குவியல், ஒரு கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு. ஒரு வேட்டைக்காரனுக்கு ஆயுளில் ஒருமுறை அமைந்தாலே அதிர்ஷ்டம் என்கிறார். இன்னும் கொஞ்சம் வளரட்டும், ஆகஸ்டில் சுடலாம், நீயும் வா என்று கூப்பிடுகிறார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இத்தனை அபூர்வமான உயிரை, அபூர்வம் என்பதற்காகவே கொல்வது என்ன நியாயம்? விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விட்டுவிடச் சொல்லாதீர்கள். சீக்கிரம் சுடச் சொல்லுங்கள்.

படத்தில் நீங்கள் பார்த்ததை ஜெர்மன் வேட்டைக்காரர்கள் ‘பெரூக்கன்பொக்’ என்பார்கள், டோப்பா வைத்த மான். பெயர் வேடிக்கையாக இருக்கிறது, விஷயம் அப்படி இல்லை. ரோ மானின் கொம்பு எலும்பு. இலையுதிர் காலத்தில் விழுந்து, உடனே மறுபடி முளைக்கத் தொடங்கும். ஐரோப்பாவின் மற்ற மான்கள் தீனி மிகுந்த கோடையில் கொம்பு வளர்க்க, இது மட்டும் பனிக்காலத்தில் வளர்க்கிறது. வளரும் கொம்பை ரத்தம் ஓடும் ரோமத்தோல் மூடியிருக்கும். வசந்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது எலும்பு இறுகி, தோல் காயும். மான் அதைச் செடியிலும் மரத்திலும் தேய்த்து உரித்துவிடும். பக்கத்துக்கு மூன்று முனை, ஏறக்குறைய ஒரு சாண் உயரம், இதுதான் நல்ல வளர்ந்த ஆணின் கொம்பு. இலையுதிர் காலத்தில் ஹார்மோன் இறங்கினால் கொம்பும் விழும்.

மானின் விதைப்பையில் அடிபட்டால், அல்லது நோய் வந்து விதை செயலிழந்துபோனால், இந்தச் சுழற்சி அறுந்துவிடுகிறது. கொம்பு இறுகுவதும் இல்லை, உதிர்வதும் இல்லை. விதையெடுத்த மானின் கொம்பு உதிராமல் அப்படியே நின்றுவிடும் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். ரோ மானில் அது நிற்பதுகூட இல்லை. மென்தோல் போர்த்தபடியே பக்கவாட்டிலும் கீழும் வழிந்து வளர்ந்துகொண்டே போகும். கண்ணை மூடும். தோல் கிழிந்து புண்ணாகும். வெயில் ஏறியதும் அந்தப் புண்ணில் ஈ முட்டையிடும், புழு வைக்கும். பார்வை மறைந்த மான் மேயவும் முடியாமல் ஓடவும் முடியாமல் சாகும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை இனம் உலவும் காட்டில் இத்தனை தூரம் போக வாய்ப்பு குறைவு. ஐரோப்பிய லின்க்ஸுக்கு ரோ மான்தான் முக்கிய இரை, தடுமாறுகிற மான் அதன் கண்ணிலிருந்து வெகுநாள் தப்பாது. ஆனால் பவேரியாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே லின்க்ஸை ஒழித்துவிட்டார்கள். இப்போது செக் எல்லையோரக் காடுகளில்தான் ஓரளவு திரும்பியிருக்கிறது. மற்ற இடங்களில் அந்த வேலைக்கு இருப்பவர் உங்கள் பெரியவர் மாதிரி ஆட்கள்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே குற்றம் என்று மனதில் பதிந்துவிட்டது. இந்தியாவுக்கு அது சரி. ஜெர்மனியில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் ரோ மான்களைச் சுடுகிறார்கள், இனம் குறையவில்லை. இளம் மரக்கன்றுகளின் குருத்தையெல்லாம் தின்றுவிடுகிறது, இன்னும் சுடுங்கள் என்று வனத்துறைக்காரர்கள்தான் வேட்டைக்காரர்களிடம் சண்டை போடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. ‘இன்னும் கொஞ்சம் வளரட்டும்.’ இந்தக் கொம்பில் வளர்வது என்ன? டோப்பா பெரிதாக ஆக சுவரில் அதன் மதிப்பு கூடும், மானுக்குக் கண் தெரிவது குறையும். ஆகஸ்ட் வரை என்றால் ஈக்காலம் முழுவதும். கடும் நோயில் கிடக்கும் காட்டு விலங்கைக் காலதாமதமின்றிக் கொன்று வதையை முடிக்க வேண்டும் என்று ஜெர்மன் வேட்டைச் சட்டமே சொல்கிறது. வேட்டைக்கான பரீட்சை எழுதித் தேறியவர், இது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆசை கண்ணை மறைக்கிறது. அந்த ஆசையை நான் பழிக்கவில்லை. வேட்டையில் இரக்கமும் ஆசையும் ஒரே துப்பாக்கியைத்தான் பிடிக்கின்றன, இரண்டும் ஒரே நாளில் சுடச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ஆசை தேதியைத் தள்ளிப்போடச் சொல்கிறது.

இந்த ஆசைக்கு வயது அதிகம். டிரெஸ்டன் அருகே மோரிட்ஸ்பர்க் அரண்மனையில் விகாரமான மான் கொம்புகளுக்கென்றே ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள். அதே அரண்மனையில் 1696இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் சுட்ட செம்மானின் 66 முனைக் கொம்பும் இருக்கிறது. அதற்கு விலையாக சாக்சனி ஆட்சியாளர் உயரமான படைவீரர்களைக் கொடுத்தார் என்று ஒரு கதை. உண்மையோ பொய்யோ, அந்தக் காலத்து ராஜாக்களை நினைத்தால் நம்பத் தோன்றுகிறது.

வினோதக் கொம்பெல்லாம் நோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2008இல் இத்தாலியின் பிராட்டோவில் ஒரு இளம் ரோ மான் செய்தியானது. நெற்றி நடுவே ஒற்றைக் கொம்பு, கூடப் பிறந்த இரட்டைக்குச் சாதாரணமாக இரண்டு. 2014இல் ஸ்லோவேனியாவில் ஒருவர் சுட்ட மானுக்கும் ஒற்றைக் கொம்புதான். இப்படிப்பட்ட மான் மேயும், ஓடும், அதற்கு வலியில்லை. உங்கள் கேள்வியை அந்த மான்களுக்காகக் கேட்டிருந்தால் நான் உங்கள் பக்கம். அதை விட்டுவைத்தால் என்ன என்று நானும் கேட்பேன்.

பெரியவரிடம் ஒழுக்கம் பேசவேண்டாம், அவர் மொழியிலேயே பேசுங்கள். ஆகஸ்டில் என்று அவர் சொல்வதற்கு இணைசேரும் பருவமும் காரணமாக இருக்கலாம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பீச் மர இலையை உதட்டில் வைத்துப் பெண் மானின் குரல் எழுப்பினால் ஆண் மான் பாய்ந்து வரும். இந்த மான் வராது. வரவைக்கும் ஹார்மோனே அதனிடம் இல்லை. தனக்கென எல்லையும் வைத்திருக்காது, மற்ற ஆண்கள் துரத்திக்கொண்டே இருக்கும். இன்று படத்தில் விழுந்த இடத்தில் ஆகஸ்டில் இருக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது. அதற்குள் எங்காவது புதரில் செத்துக் கிடந்தால் நரி தின்ற மிச்சம்தான் கைக்கு வரும். இதைச் சொன்னால் இன்று மாலையே பரணில் ஏறிவிடுவார் என்று நினைக்கிறேன்.

சுடும் முன் ஒன்றை மட்டும் அவர் உறுதிசெய்துகொள்ளட்டும். ஹார்மோன் கோளாறில் சில பெண் மான்களுக்கும் தோல் மூடிய கொம்பு வரும். ஜூன் மாதத்தில் அப்படி ஒரு தாயைச் சுட்டால் புல்லுக்குள் படுத்திருக்கும் குட்டி பட்டினியில் சாகும். பின்பக்கத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

கூடப் போவதா என்பது உங்கள் விருப்பம். போனால் பரணில் அசையாமல் உட்காருங்கள், கைபேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தத் தலையை மற்றக் கொம்புகள் மாதிரி மண்டையோட்டோடு வேகவைத்து ஆணியில் மாட்ட முடியாது, தோல் அழுகிவிடும். பாடம் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.