கடைசியாகக் கண்ட நாள்

அன்புள்ள அக்கா,

உங்கள் பறவை பார்க்கும் குழுவினர் பங்குனி, சித்திரையில் கண்டவற்றைத் தொகுத்து ‘வசந்தகாலப் பறவைகள்’ என்று போட்டிருந்தீர்கள். வாசித்தேன். மட்டக்களப்பில் வசந்தகாலம் ஏது? மாரி முடிந்தால் வெயில், வெயில் முற்றினால் கச்சான் காற்று. மற்றது, பட்டியலில் பாதி கொக்கும் மடையானும் ஆட்காட்டியும். தினமும் வயல் வட்டையில் நிற்பவற்றை எழுதி வைப்பதில் என்ன இருக்கிறது?

போன ஞாயிறு வலையிறவுப் பாலத்துக்குக் கிட்டச் சேற்றில் செங்கல் நிறத்தில் ஒரு உள்ளான் நின்றது. நீளமான கறுப்புச் சொண்டு, நுனி கீழே வளைந்திருந்தது. கூட நின்றதெல்லாம் சாம்பல் நிறம். அது புதுப் பறவையா?

ஒரு வாசகர், வவுணதீவு

அன்புள்ள தம்பி,

உங்கள் உள்ளானில் இருந்தே தொடங்குகிறேன். மாரி முழுவதும் நீங்கள் பார்த்த பறவைதான் அது. வளைமூக்கு உள்ளான். இங்கே இருக்கும் மாதங்களில் மேலே சாம்பலும் கீழே வெள்ளையுமாக, கூட்டத்தில் தனியாகத் தெரியாமல் நிற்கும். புறப்படும் காலம் நெருங்கும்போது இறகு மாற்றி, முகத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறமாகிவிடும். கூட நின்ற சாம்பல் பறவைகளிலும் சில அதே இனமாக இருந்திருக்கலாம். அடுத்த முறை பறக்கும்போது பாருங்கள், வாலுக்கு மேலே முதுகின் அடி வெள்ளையாகத் தெரியும்.

அது போகிற இடம் சைபீரியாவின் வடக்கு விளிம்பு. ஆனியில் அங்கே பனி உருகும்போது போய்ச் சேர்ந்து, அந்தச் சின்னக் கோடைக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, ஆவணி, புரட்டாதியில் திரும்பவும் நம் வாவிக்கரையில் வந்து நிற்கும். கைக்குள் அடங்கும் சின்ன உடம்பு. 2024இல் இந்த இனத்தை உலக அளவில் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் வரிசைக்கு மாற்றினார்கள். நீங்கள் கண்டதை நான் சும்மா எடுத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம்.

வசந்தம் என்ற சொல்லைப் போட்டது நான்தான். அந்தப் பறவைகள் போகும் ஊரில் அப்போது வசந்தம் தொடங்குகிறது, அதை நினைத்துப் போட்டேன். நமக்கு அது வழியனுப்பும் காலம். மாரி வேளாண்மை வெட்டி முடிந்து, வாவி வற்றிச் சேறு தெரியும்போது அவை வயிறு நிறையத் தின்று கொழுப்பேற்றிக்கொள்கின்றன. பயணத்துக்கு அதுதான் கட்டுச்சோறு.

சரி, கொக்குக்கு வருவோம். பட்டியலில் ‘உண்ணிக்கொக்கு, தலை செம்மஞ்சள்’ என்று ஒரு வரி இருந்ததே, கவனித்தீர்களா? தையில் அதே கொக்கு தூய வெள்ளை. தலையும் கழுத்தும் நிறம் மாறினால் கூடு கட்டும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். மடையானும் அப்படித்தான். மண் நிறத்தில் வரம்பில் குந்தியிருந்ததற்கு முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். தூரத்து விருந்தாளிகள் கிளம்பும்போது ஊர்ப் பறவைகள் குடும்பம் நடத்தத் தொடங்குகின்றன. பாணமைக்குத் தெற்கே குமண வில்லு என்ற சதுப்பு ஏரியில் வைகாசி, ஆனியில் கண்டல் மரங்கள் நிறையக் கூடுகள் இருக்கும். ஆகவே ‘கொக்கு’ என்று மட்டும் எழுதாமல் எந்த நிறத்தில் நின்றது என்பதையும் எழுதுகிறோம்.

தினமும் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் பின்வளவில் மாமரத்தடியில் ஒவ்வொரு வருடமும் ஒரு ஆறுமணிக் குருவி வந்து தங்கும். பச்சை முதுகு, தோளில் ஒரு நீலத் துண்டு, வாலடியில் சிவப்பு. சருகைச் சொண்டால் புரட்டிப் புரட்டிப் புழு தேடும். விடியவும் பொழுதுபடவும் இரண்டு சீழ்க்கை. முதல் வருடம் அது வந்த நாளைக் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன். அப்புறம் அது வீட்டுப் பறவையாகிவிட்டது, எழுதவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் பலகாரம் சுடும் அமளி எல்லாம் முடிந்து ஒரு பின்னேரம் முற்றத்தில் இருந்தபோதுதான் சீழ்க்கை கேட்டு நாளாயிற்றே என்று உறைத்தது. எத்தனை நாள்? கொப்பியில் இல்லை.

வருகிற பறவை கண்ணில் பட்டுவிடும். போகிற பறவை சொல்லிக்கொண்டு போவதில்லை. அதைக் கடைசியாகக் கண்ட நாள் எதுவென்று, கண்ட ஒவ்வொரு நாளையும் எழுதியவருக்குத்தான் தெரியும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நாலு பேர், மேற்கே உங்கள் படுவான்கரையில் நாலு பேர் இப்படி எழுதினால், எந்தக் கிழமையில் வாவி காலியாகிறது என்று சொல்ல முடியும். பத்து வருடம் எழுதினால் அந்த நாள் முன்னே பின்னே நகர்கிறதா என்றும் சொல்லலாம். எங்களிடம் படுவான்கரையில் ஆள் குறைவு, தம்பி.

ஒன்றை மட்டும் பொதுவில் போட வேண்டாம், கூடு இருக்கும் இடம். கடற்கரை மணலில் குடுகுடுவென்று ஓடும் சின்ன உப்புக்கொத்தி ஒன்று உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கூடு வைக்கும் தனி இனம் அது என்று 2023இல்தான் ஆய்வாளர்கள் பிரித்தார்கள். அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர். மணலில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான் கூடு. முட்டையும் மணல் நிறம். இடம் தெரிந்து நாலு பேர் படம் எடுக்கப் போனால் மிதிபட்டுவிடும்.

வலையிறவுக்கு இந்தக் கிழமையும் போங்கள். செங்கல் நிறம் எத்தனை, சாம்பல் எத்தனை என்று பிரித்து எண்ணுங்கள். முதல் வருடக் குஞ்சுகள் பல வடக்கே போகாமல் சாம்பல் நிறத்திலேயே தங்கிவிடும். அதனால் ஆனியிலும் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒன்றையும் காணாத நாளிலும் திகதி போட்டு ‘இல்லை’ என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா