ரெடிமேட் ஃபிலோ தாள் வாங்கி வீட்டிலேயே பக்லாவா செய்ய முடியுமா? மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும்?

தாராளமாகச் செய்யலாம். காகிதம் போல மெல்லிய மாவுத் தாள்தான் ஃபிலோ. அதில் நெய் தடவி, உள்ளே பிஸ்தா, முந்திரி போன்ற பருப்பு வைத்துச் சுட்டு, பாகு ஊற்றும் இனிப்புதான் பக்லாவா. பாக்கெட்டைப் பிரித்ததும் தாள்கள் நொறுங்கின, எப்படியோ சுட்டு எடுத்தாலும் பாகு ஊற்றியதும் நமுத்துப் போனது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம். ஓவனுக்குள் போகும்வரை தாளில் உள்ள ஈரம் போய்விடக் கூடாது. உள்ளே போன பிறகு அந்த ஈரம் கொஞ்சமும் மிஞ்சக் கூடாது. இது பிடிபட்டுவிட்டால் பக்லாவா அதிரசத்தைவிடச் சுலபம். அதிரசத்தில் மாவுப் பதம் தவறினால் எல்லாம் எண்ணெயில் பிரிந்துவிடும். இங்கே மாவு வேலையை வேறு யாரோ நமக்காக முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

கடைத் தாளில் செய்வதைக் குறைவாக நினைக்காதீர்கள். துருக்கியின் காஸியான்டெப் நகரத்து மாஸ்டர்கள் ஸ்டார்ச் தூவி, மெல்லிய நீளக் கட்டையால், அடியில் இருப்பது தெரிகிற அளவுக்கு மாவைத் தேய்க்கிறார்கள். அந்த ஊர் பக்லாவாவுக்கு 2013-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. துருக்கியிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் பொருளே அதுதான். வருடக்கணக்கில் கை பழக வேண்டிய தொழில் அது. ஆனால் அதே துருக்கியில், பெருநாளைக்கு வீட்டில் பக்லாவா செய்கிறவர்கள் பலர் கடையில் பாக்கெட் தாள் வாங்கித்தான் செய்கிறார்கள். கிரீஸ் வீடுகளிலும் இதே வழக்கம்தான்.

முதலில் தாளைப் பற்றி. ஃப்ரீசரில் இருந்து எடுத்த பாக்கெட்டை நேராக மேடையில் வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் பாக்கெட் வேர்த்து, வெளித்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் பனி உருகாமலே இருக்கும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால், கவரைப் பிரிக்காமல் வெளியே வையுங்கள். நெய், பருப்பு, பிரஷ், தட்டு எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் வந்த பிறகுதான் கவரைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் தாள்களை விரித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதற்கு மேல் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. துணி நேரடியாகத் தாளைத் தொட்டால் அந்த இடம் கூழாகிவிடும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நிமிடத்திலேயே ஓரங்கள் வெடிக்க ஆரம்பிக்கும்.

நாங்கள் ஷார்ஜாவில் இருந்தபோது எதிர் ஃபிளாட்டில் ஒரு சிரிய அக்கா இருந்தார். ஒரு தாளை எடுத்து லேசாக உதறுவார். சத்தமே இல்லாமல் துணி போலத் தழைந்து விழுந்தால் நல்ல தாள். சலசலவென்றால் காய்ந்துவிட்டது, அதை அடி அடுக்குக்கு ஒதுக்கிவிடுவார். கிழிந்த தாளையும் அவர் வீணாக்கியதில்லை. ஒட்டுப் போட்ட மாதிரி உள் அடுக்கில் வைத்துவிட்டால் வெந்த பிறகு யாருக்கும் தெரியாது. நானும் இன்றுவரை அந்த உதறல் பார்த்துத்தான் தாளைப் பிரிக்கிறேன்.

அடுத்தது நெய். வெண்ணெயை உருக்கித் தடவச் சொல்லும் செய்முறைகளை நம்பாதீர்கள். வெண்ணெயில் நூற்றுக்குப் பதினாறு பங்குபோலத் தண்ணீர் இருக்கிறது, பால் கசடும் இருக்கிறது. தண்ணீர் அடுக்குகளை நமுக்க வைக்கும், கசடு கறுத்துப் போகும். நெய்யில் இரண்டும் கிடையாது. காஸியான்டெப்பிலும் கசடு நீக்கிய நெய்தான். வீட்டு நெய் காய்ச்சும்போது முருங்கை இலையோ வெற்றிலையோ போடும் வழக்கம் உண்டென்றால், இதற்கு அந்த நெய் வேண்டாம். வாசனை பருப்பை அமுக்கிவிடும். 450 கிராம் பாக்கெட்டுக்கு 200 கிராம் நெய் வேண்டும். அதைக் குறைத்தால் தாள்கள் தனித்தனியாகப் பிரியாமல் அப்பளக் கட்டு போல ஒட்டிக்கொள்ளும்.

பருப்பு 300 முதல் 350 கிராம். பிஸ்தா என்றால் உப்புப் போடாத, வறுக்காத பிஸ்தா. கொறிப்பதற்கு விற்கிற உப்புப் பிஸ்தாவைக் கழுவிக் காயவைத்தாலும் சரிவராது. துருக்கிக் கடைகளில் அப்படியொரு பச்சை நிறம் வருவதற்குக் காரணம் கலர் பொடி இல்லை, முழுதாக முற்றுவதற்கு முன்பே பறிக்கிற பிஸ்தா. அது இங்கே கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. அக்ரூட் நன்றாக இருக்கும்; லேசாக வறுத்து, கசக்கும் தோலைத் துணியில் தேய்த்து எடுத்துவிடுங்கள். என் விருப்பம் முந்திரி. லெபனான், சிரியா பாணி இனிப்புக் கடைகளில் முந்திரி வைத்து விரல் நீளத்துக்குச் சுருட்டிய பக்லாவா எப்போதும் இருக்கும், ஆகவே இது நாமாகச் செய்துகொண்ட மாற்றம் இல்லை. முழு முந்திரி தேவையில்லை, பண்ருட்டிப் பக்கம் விலை குறைவாகக் கிடைக்கும் உடைத்த முந்திரியே போதும். மிக்ஸியில் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு விட்டு விட்டு ஓட்டுங்கள். குருணை ரவை அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் போனால் எண்ணெய் விட்டுக் களியாகும். ஏலக்காய் உங்கள் இஷ்டம். ஈரானில் யஸ்த் நகரத்து பக்லாவாவில் அது உண்டு.

புதிதாகச் செய்கிறவர்கள் அடுக்கு பக்லாவாவில் ஆரம்பிக்க வேண்டாம். துருக்கியில் 'புர்மா' என்று ஒன்று உண்டு, அதைச் செய்யுங்கள். ஒரு தாளை விரித்து நெய் தடவி, உங்கள் பக்கமுள்ள மூன்றில் ஒரு பங்கில் பருப்பைத் தூவுங்கள். பென்சிலைவிட மெலிந்த, தாளைவிட நீளமான ஒரு மரக்குச்சியை ஓரத்தில் வைத்து, இறுக்காமல் பாய் சுருட்டுவது போலச் சுருட்டுங்கள். பிறகு இரண்டு முனையிலும் விரல் வைத்து நடுவை நோக்கித் தள்ளினால் தாள் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். குச்சியை உருவிவிட்டுத் தட்டில் நெருக்கமாக அடுக்கிக்கொண்டே வாருங்கள். இரண்டு அங்குலத் துண்டுகளாக இப்போதே வெட்டிவிட வேண்டும், வெந்த பிறகு கத்தி வைத்தால் பொடிந்துவிடும். மீதி நெய்யைச் சூடாக மேலே ஊற்றிவிடுங்கள்.

ஓடிஜியை (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) நன்றாகச் சூடுபடுத்திக்கொண்டு, 170 டிகிரியில், மேல் கீழ் இரண்டு ராடும் எரிய, நடுத்தட்டில் நாற்பது நிமிடம் போல விடுங்கள். அவசரப்பட்டு 200-ல் வைத்தால் மேலே சிவந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். மேல்பக்க நிறத்தை நம்பாமல் ஒரு துண்டைத் தூக்கி அடியைப் பாருங்கள். அடியும் பொன்னிறமாக இருந்தால்தான் வெந்தது.

பாகு, தட்டு ஓவனுக்குள் போவதற்கு முன்பே தயாராகி ஆறியிருக்க வேண்டும். இரண்டு கப் சர்க்கரை, ஒன்றேகால் கப் தண்ணீர். கம்பிப் பதத்துக்குச் சற்று முன்னால், விரலில் எண்ணெய் போலப் பிசுக்கென்று ஒட்டும்போது இறக்கிவிடுங்கள். இறக்குவதற்கு முன் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியை குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரித்துவிடுவதால் பாகு பூத்துப் போகாது. ஜாங்கிரிப் பாகில் சேர்க்கிறோமே, அதே காரணம்தான். தட்டு வெளியே வந்த உடனே, கொதிக்கிற பக்லாவா மேல் ஆறிய பாகைக் கரண்டி கரண்டியாக ஊற்றுங்கள். சுர்ரென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் தட்டை மறுபடி ஐந்து நிமிடம் உள்ளே வைத்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டும் சூடாக இருந்தால் வீட்டில் செய்யும்போது பெரும்பாலும் நமுத்துவிடும். பாகு முழுவதையும் தீர்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முழுதாக ஆறும்வரை மூடி போடக் கூடாது. நாலைந்து மணி நேரமாவது பாகு உள்ளே இறங்கட்டும். அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியிலேயே வைக்கலாம், ஒரு வாரம் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து மொறுமொறுப்பு போய்விடும்.

ஃபிலோ கிடைக்கவில்லை என்றால் சமோசா பட்டியில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது பாதி வெந்த, கனமான தாள்; ஓவனில் வைத்தால் கடிக்க முடியாமல் விறைத்துப் போகும். ஆனால் அரைத்த பாதாமை உள்ளே வைத்து முக்கோணமாக மடித்து, எண்ணெயில் பொரித்து, சூட்டோடு தேனில் முக்கினால் அருமையாக இருக்கும். மொராக்கோவில் 'பிரிவாத்' என்று ரமலானுக்குச் செய்வது கிட்டத்தட்ட இதுதான். ஃப்ரோசன் பஃப் ஷீட் கிடைத்தால் பருப்பு தூவிச் சுருட்டி, துண்டு போட்டு, 200 டிகிரியில் சுடுங்கள். அதற்குப் பாகு ஊற்றாதீர்கள், மேலே கொஞ்சம் சர்க்கரை தூவினால் போதும். மீந்த ஃபிலோ தாளைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் அடுத்த தட்டைப் போட்டுவிடுங்கள்.