ட்ரூமன் என்றொரு சமாதானம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டல்லாஸில் நாங்கள் நண்பர்கள் சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூடினால் அரசியல் சண்டை நிச்சயம். '40 சதவீதம் பேர்கூட ஏற்காதவர் என்ன ஜனாதிபதி?' என்பார் ஒருவர். 'அந்தக் கால ஜனாதிபதி ட்ரூமனுக்கு 22தான் இருந்தது, இன்று கொண்டாடவில்லையா?' என்று மடக்குவார் இன்னொருவர். அப்புறம் பேச்சு வேட்பாளர் தகுதிக்குத் தாவும். இந்த எண்களுக்கு அர்த்தம் உண்டா? தகுதியை எதை வைத்து அளப்பது?

கே. எஸ்.

அன்புள்ள கே. எஸ்.,

அர்த்தம் உண்டு. உங்கள் நண்பர்கள் எடுத்துக்கொள்ளும் அர்த்தம்தான் இல்லை.

'ஜனாதிபதி தன் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, இல்லையா?' கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வி இவ்வளவுதான். ஓட்டுப் போடுவீர்களா என்று அதில் இல்லை. வழக்கமாக ஆயிரம் பேர் அளவில் கேட்பார்கள். மூன்று நான்கு புள்ளி முன்பின் இருக்கலாம். 41 என்பது 43 ஆனதற்கு இனிப்பு வழங்குகிறவர்களை விட்டுவிடுவோம்.

மாறிப்போனது பதில் சொல்பவர்கள். 1950களில் குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஐசன்ஹோவர் காலத்தில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்களிலேயே ஏறக்குறைய பாதிப்பேர் அவர் வேலையை ஏற்றார்கள். 2020இல் டிரம்பை அவர் கட்சியினரில் பத்துக்கு ஒன்பது பேர் ஏற்றார்கள். எதிர்க்கட்சியினரில் நூற்றுக்குப் பத்துப்பேர்கூடத் தேறவில்லை. பைடனுக்கும் எதிர்முகாமில் அதே கதி. வேலையைப் பற்றிக் கேட்டால் கட்சியைச் சொல்கிறார்கள். 2016 நவம்பர் தேர்தல் முடிந்த கையோடு, பொருளாதாரம் சரியில்லை என்றிருந்த குடியரசுக் கட்சிக்காரர்கள் நம்பிக்கைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் சோர்ந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் யாருடைய சம்பளமும் மாறியிருக்காது.

ஆகவே மொத்த எண்ணைவிட, சொந்தக் கட்சிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய குடியரசுக் கட்சி ஜனாதிபதி நிக்சனுக்கு 1973 ஜனவரியில் 67 சதவீதம். 1974 ஆகஸ்டில் 24. அவர் கட்சிக்காரர்களிலேயே பாதிப்பேர் கழன்றுகொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று கோல்ட்வாட்டர் உள்ளிட்ட மூன்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய், பதவிநீக்க விசாரணை வந்தால் செனட்டில் உங்களைக் காப்பாற்ற ஓட்டு இல்லை என்று முகத்துக்கு நேரே நிலைமையைச் சொன்னார்கள். மறுநாள் இரவு ராஜினாமா அறிவிப்பு. கிளின்டன் மீது 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை பதவிநீக்கக் குற்றம் சுமத்திய அதே நாட்களில் கேலப் காட்டியது 73. அவர் கட்சி அசையவில்லை, அவரும் அசையவில்லை.

இனி தகுதி. அரசியல் சட்டம் கேட்பது மூன்று: 35 வயது, பிறப்பால் குடிமகன், 14 ஆண்டு நாட்டில் வசிப்பு. மீதியெல்லாம் வேட்பாளரைப் பார்த்துவிட்டு நாம் தைக்கிற சட்டை. 2008இல் ஒபாமாவுக்கு அனுபவம் போதாது என்ற குடியரசுக் கட்சி, அலாஸ்காவில் இரண்டு ஆண்டுகூட ஆளுநராக இருந்திராத சாரா பேலினைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. 1984 விவாதத்தில் 73 வயது ரீகன், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் தேர்தல் பிரச்சினையாக்க மாட்டேன் என்றபோது எதிராளி மாண்டேலே சிரித்துவிட்டார். அந்த 'அனுபவமில்லாத' மாண்டேல் 56 வயது முன்னாள் துணை ஜனாதிபதி!

அனுபவத்தை மட்டும் வைத்து அளந்தால் ஜேம்ஸ் புக்கானனை மிஞ்ச ஆளில்லை. பிரதிநிதிகள் சபை, செனட், வெளியுறவு அமைச்சர், ரஷ்யாவிலும் பிரிட்டனிலும் தூதர். வரலாற்றாசிரியர்களின் பட்டியலில் அவர் கடைசி வரிசையில் கிடக்கிறார். அவருக்கு அடுத்து வந்த லிங்கன் பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு தவணை இருந்தவர். அதற்காக அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் என்ன பதவிகள் இருந்தன என்பதைவிட, நெருக்கடியில் என்ன முடிவெடுத்தார் என்பதைத்தான் நான் தேடுவேன்.

ட்ரூமனுக்கு வருகிறேன். எண் சரிந்த ஒவ்வொரு ஜனாதிபதியின் ஆதரவாளர்களும் ஓடிப்போய் ஒதுங்கும் திண்ணை அது. நிக்சனின் 24ஐ யாரும் துணைக்கு அழைப்பதில்லை, கவனித்தீர்களா? ட்ரூமனின் 22 வந்தது 1952 பிப்ரவரியில்: கொரியப் போர் இழுத்துக்கொண்டிருந்தது, நிர்வாகத்தில் ஊழல் புகார்கள். முந்தைய ஏப்ரலில், மக்கள் கொண்டாடிய, ஆனால் அரசின் போர்க் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்த தளபதி மெக்ஆர்தரைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தார். பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ராணுவம் மக்களாட்சிக்குக் கட்டுப்பட்டது என்ற அந்த முடிவுக்காகவும், போரில் சிதைந்த ஐரோப்பாவை எழுப்ப உதவிய மார்ஷல் திட்டத்துக்காகவும்தான் அவரை இன்று மெச்சுகிறோம், 22க்காக அல்ல.

அடுத்த சனிக்கிழமை ட்ரூமன் பெயரை எடுப்பவரிடம், உங்கள் ஆளின் கணக்கில் மெக்ஆர்தர் நீக்கம் போல எது இருக்கிறது என்று கேளுங்கள். 40 சதவீதக்காரரிடம், தன் கட்சி ஜனாதிபதி 40இல் இருந்தபோது என்ன சொன்னார் என்று கேளுங்கள். சாப்பாடு முடிந்த பிறகு கேட்பது நல்லது.