முந்திரிக்கொட்டையும் உலர்திராட்சையும்

அன்புள்ள ஐயா,

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலை நண்பர்கள் சேர்ந்து நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் படித்து வருகிறோம். மொத்தம் 361 அத்தியாயங்கள். புத்தாண்டன்று வாட்ஸாப் குழுவாகத் தொடங்கியபோது முப்பது பேர். இப்போது நிஜமாகப் படிப்பவர்கள் எட்டுப் பேர்தான். பின்தங்கியவர்களுக்காகத் தினமும் அத்தியாயச் சுருக்கம் எழுதிப் போடுகிறேன். சிலவற்றை இணைத்திருக்கிறேன். எங்கள் பிரச்சினை ஒரு நண்பர். முழு நாவலையும் முன்பே முடித்துவிட்டு, யார் சாவார், யார் யாரை மணப்பார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவரை நீக்கிவிடலாமா? போர் அத்தியாயங்களைத் தாண்டிப் போகலாமா? எந்த மொழிபெயர்ப்பு நல்லது? பிள்ளை தூங்கிய பிறகு கிடைக்கும் அரை மணி நேரம்தான் எனக்கு.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

முப்பது எட்டானதற்கு வருத்தப்படாதீர்கள். அந்த நாவலைப் படிக்க எட்டுப் பேர் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயம். தமிழில் டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று செய்திருக்கிறார். தினமணியின் முதல் ஆசிரியர், கை பழகிய உரைநடை. ஆங்கிலத்தில் என்றால் எது கிடைக்கிறதோ அது. மொழிபெயர்ப்புகளை ஒப்பிட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் எதையும் படித்து முடிப்பதில்லை.

உங்கள் நண்பருக்கு வருகிறேன். எந்தக் குழுவிலும் ஒரு முந்திரிக்கொட்டை இருக்கும். அவரால் ஒன்றும் கெட்டுவிடாது.

வந்தவாசிப் பக்கம் என் அம்மா பிறந்த ஊரில் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா நடக்கும். மதியச் சாப்பாட்டுக்கு மேல் பிரசங்கியார் பாரதம் சொல்வார். வில்லிபுத்தூராரின் ஒரு பாட்டை ராகம் போட்டுப் பாடி, பிரித்துப் பொருள் சொல்லி, உள்ளூர் வம்பு ஒன்றையும் சேர்த்துக்கொண்டு அடுத்த பாட்டுக்கு நகர்வார். அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் நுழைந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு "மிச்சம் நாளைக்கு" என்று எழுந்துவிடுவார். அந்தக் கூட்டத்தில் அபிமன்யு சாவான் என்று தெரியாத ஆள் கிடையாது. என் ஆயா வருஷா வருஷம் கேட்ட கதை அது. ஆனாலும் சாயங்காலம் திண்ணையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டே, "அந்தப் புள்ள ராத்திரி பூரா உள்ளயே நிக்குதே" என்றாள்.

பாரதத்தில் அபிமன்யு பொழுது சாய்வதற்குள் முடிந்துபோகிறான். அவனை ஒரு ராத்திரி முழுக்க வியூகத்துக்குள் நிறுத்திவைத்தது பிரசங்கியார் மூடிய புத்தகம். கூடி மெல்லப் படிப்பதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ராத்திரிதான். விவாதம், கருத்துப் பரிமாற்றம் எல்லாம் அப்புறம். கும்பகோணத்தில் ஜைனர்கள் சீவக சிந்தாமணியை மாதக்கணக்கில் கூடிப் படித்து, முடிந்த நாளை விழாவாகக் கொண்டாடியதை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். டால்ஸ்டாயின் நாவலே 1865-ல் 'ரூஸ்கி வெஸ்த்னிக்' இதழில் தொடராகத்தான் வரத் தொடங்கியது. (1866-ல் அதே இதழில் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' தொடரும் வந்தது. ஒரே சந்தாவில் இரண்டும். கொடுத்துவைத்த ஜனங்கள்!)

ஆகவே உங்கள் நண்பர் குழுவில் இருக்கட்டும். எனக்குக் கோபம் உங்கள் மேல்தான்.

நீங்கள் அனுப்பிய சுருக்கங்களைப் படித்தேன். நாவலின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவரான ஆந்த்ரே ரியாசான் பண்ணைகளைப் பார்க்கக் கிளம்பும் அத்தியாயத்துக்கு, "ஆந்த்ரே பண்ணை விஷயமாகப் பயணம் போகிறார், சோர்வாக இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வழியோரத்தில், வசந்தத்துக்கு மசியாமல் மொட்டையாக நின்ற அந்த ஓக் மரம் எங்கே? இரண்டு அத்தியாயம் தள்ளி, "ஆந்த்ரே ஓக் மரத்தை மீண்டும் பார்க்கிறார்" என்கிறீர்கள். உங்கள் சுருக்கத்தை மட்டும் படிப்பவருக்கு அது எந்த மரம்? இலைவிட்டு நிற்கும் மரத்தைப் பார்த்து அந்த மனிதர் ஏன் அப்படி நெகிழ வேண்டும்?

உங்களைக் கேலி செய்யவில்லை. யார் எழுதினாலும் இதுதான் நடக்கும். எது முக்கியம் என்பது அன்றைக்குத் தெரியாது. உங்கள் கணக்குப்படி அக்டோபர் கடைசியில் ஓர் அத்தியாயம் வரும். நான்காம் புத்தகம், மூன்றாம் பகுதி, ஏழாவது. ரஸ்தோவ் வீட்டுக் கடைக்குட்டி பெத்யா, தெனீசவின் கொரில்லாப் படையோடு ஒரு ராத்திரி தங்குகிறான். மீசை முளைக்காத பயல். பெரியவர்கள் தன்னைச் சேர்த்துக்கொண்ட சந்தோஷத்தில் கையில் இருப்பதையெல்லாம் எடுத்து நீட்டுகிறான். உலர்திராட்சை வேண்டுமா, விதையில்லாதது, பத்து ராத்தல் வாங்கினேன், எனக்கு ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டே பழக்கம் என்கிறான். இதைச் சுருக்கத்தில் எழுதுவீர்களா? மாட்டீர்கள். "பெத்யா தெனீசவின் முகாமுக்கு வருகிறான்" என்று போட்டுவிட்டுத் தூங்கப் போவீர்கள்.

அடுத்த மூன்று நாளும் வேறு காரியங்கள். வேவு பார்க்கிறார்கள், வாள் தீட்டுகிறார்கள், பையன் அரைத்தூக்கத்தில் சங்கீதம் கேட்கிறான். திராட்சையை நீங்களும் மறந்திருப்பீர்கள், மறக்கத்தான் வேண்டும். பதினோராவது அத்தியாயத்தில் பெத்யா தலையில் குண்டு பட்டுச் சாகிறான். தெனீசவ் குதிரையை விட்டு இறங்கி, நடுங்கும் கையால், ரத்தமும் சேறும் அப்பிய அந்த முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறான். அப்போது அவனுக்கு ஞாபகம் வருவது அந்த வார்த்தைகள்தான்: இனிப்பாகச் சாப்பிட்டே பழக்கம், நல்ல திராட்சை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டு, படையிலிருந்த கொசாக் குதிரைவீரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தெனீசவ் வேலிப் பக்கம் போய் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பாருங்கள், நானும் சொல்லிவிட்டேன். சொன்னதால் என்ன குறைந்துபோயிற்று? அந்த நான்கு நாளை நீங்கள் வாழ்ந்துதான் ஆக வேண்டும். சுருக்கம் களவாடுவது அந்த நான்கு நாளைத்தான். அதைப் படித்துவிட்டுத் தானும் குழுவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் இருபத்திரண்டு பேருக்கும் நீங்கள் நல்லது செய்யவில்லை. அவர்கள் பின்தங்கட்டும். மார்ச் மாத அத்தியாயத்தை ஆகஸ்டில் படித்தால் குடி முழுகிப்போகாது.

பிள்ளை தூங்கிய பிறகு கிடைக்கும் அந்த அரை மணியில் பாதி இந்தச் சுருக்கத்துக்குப் போகிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை, அம்மா. அத்தியாயங்கள் பெரும்பாலும் சின்னவை. அந்த நேரத்தில் ஒன்றை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து குழுவில் போடுங்கள். மற்ற ஏழு பேரும் முறை வைத்துக்கொள்ளட்டும். முந்திரிக்கொட்டைக்கும் ஒரு முறை கொடுங்கள், படிக்கிற நேரமாவது வாய் சும்மா இருக்கும்.

போர் அத்தியாயங்களைக் கேட்டிருந்தீர்களே, அவற்றில் ஒன்றையும் தாண்டாதீர்கள். முடிவுரையின் இரண்டாம் பகுதியில் 12 அத்தியாயங்கள், முழுக்கச் சரித்திரத் தத்துவம். டிசம்பர் கடைசியில் வரும். அதற்குள் அலுத்துப்போயிருந்தால் அதைமட்டும் விட்டுவிடலாம்.