கர்ஜிக்கும் பாணன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், பார்ட் என்கிற பாணனுக்கு நானே ஒரு புதிய உட்பிரிவு எழுதியிருக்கிறேன். குரல்தான் அவன் ஆயுதம். பாத்திரம் வளர்ந்து 3ஆம் நிலையை எட்டும்போது ஒரு கர்ஜனை: 30 அடிக்குள் இருக்கும் எதிரிகள் அனைவருக்கும் எட்டுமுகப் பகடைகள் நான்கை உருட்டிச் சேதம், எத்தனை முறை வேண்டுமானாலும். 14ஆம் நிலையில் கோட்டைச் சுவரே இடியும். ஆட்டத்தை நடத்தும் எங்கள் டன்ஜன் மாஸ்டர் 'அளவு மீறுகிறது' என்று மறுத்துவிட்டார். உங்கள் கருத்து என்ன? என்ன பெயர் வைக்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாஸ்டர் சொன்னது சரி. அதே 3ஆம் நிலைப் பாணன் 'ஷாட்டர்' மந்திரத்தில் எட்டுமுகப் பகடைகள் மூன்றைத்தான் உருட்டுகிறான். அதுவும் நீண்ட ஓய்வு எடுக்கும்வரை இரண்டே முறை. உங்கள் ஆள் வாயைத் திறந்தாலே 4. கணக்கு இத்தோடு போதும். பெயரை நீங்களே வையுங்கள்.

கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்த இடத்தில் உங்கள் கடிதம் கைவைத்துவிட்டது. இணைத்திருந்த விதிகள் இரண்டு பக்கம், முழுக்கக் குரல். காது என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை!

பாணனின் மிகச் சின்ன மந்திரம் 'விஷியஸ் மாக்கரி'. 2014 விதிநூலில் அதன் தொடக்கச் சேதம் நான்குமுகப் பகடை ஒன்று. கொசுக்கடி. ஆனால் ஒரு நிபந்தனை: திட்டு எதிரியின் காதில் விழ வேண்டும். புரியக்கூட வேண்டாம், விழுந்தால் போதும். தடுக்கத் தவறினால் அவனுடைய அடுத்த தாக்குதல் தடுமாறும். எதிரி உருட்டிய எண்ணைக் கேலியால் குறைக்கும் 'கட்டிங் வேர்ட்ஸ்' திறனும் அந்த நூலில் அப்படித்தான், காது கேளாதவனிடம் பலிக்காது. உங்கள் கர்ஜனையோ பஞ்சு அடைத்துக்கொண்டவனையும் கொல்கிறது. நெருப்புக் கோளத்துக்குச் சத்தச் சாயம் பூசிப் பாணன் கையில் கொடுத்திருக்கிறீர்கள். ஷாட்டருக்கும் காது தேவையில்லையே என்பீர்கள். அது மந்திரவாதியிடமும் உண்டு ஐயா, பாணனுக்கென்று உள்ளது அல்ல.

இன்னொன்று. 'தண்டர்வேவ்' மந்திரத்தின் வெடிப்பு 300 அடிவரை கேட்கும் என்று விதியே சொல்கிறது. உங்கள் கர்ஜனை பக்கத்து அறையில் தூங்கும் அரக்கனை எழுப்புமா, எழுப்பாதா? அதைக்கூட யோசிக்காமல் என்ன குரல்?

பல ஆண்டுகளுக்கு முன் நான் மாஸ்டராக இருந்த ஆட்டத்தில் ஒரு நண்பர் பாணன். அவருக்கு மெல்லிய குரல், மேசையின் மறுகோடிக்கு எட்டாது. 'பாணன்தானே, சத்தமாகப் பேசுங்கள்' என்று அதட்டிக்கொண்டே இருப்பேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஒருநாள் எதிரிப் பூசாரி 'சைலன்ஸ்' போட்டான். 20 அடி ஆரத்துக்குள் ஒலி கிடையாது; வாயால் சொல்லும் மந்திரம் எதுவும் செல்லாது. நண்பர் வாயை மூடிக்கொண்டார். பாணன் மட்டுமல்ல, அவரும்தான். தன் முறை வந்ததும் பொம்மையை ஒற்றை விரலால் கட்டம் கட்டமாக நகர்த்தினார். எங்கள் பேச்சும் தானாக நின்றுபோனது. வட்டத்தின் விளிம்பைத் தாண்டியதும் நிமிர்ந்து, பூசாரியை ஆடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, அதே மெல்லிய குரலில் "இப்போது கேட்கிறதா?" என்றார். ஐந்து பேரும் மேசைமேல் கவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பூசாரி தடுக்கத் தவறினான். சேதம் 2.

எழுதியதைக் கிழித்துவிடாதீர்கள், உங்களுக்குக் கை வருகிறது. சுவரை விட்டுவிடுங்கள். கர்ஜனையை ஓய்வுக்கு ஒருமுறை என்று குறைத்து, காதில் விழுகிறவர்களுக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்து மாஸ்டரிடம் திரும்பக் கொடுங்கள். 6ஆம் நிலையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லவே இல்லையே?