ஸ்மார்ட் பேட்ச் பேனலை மேலாண்மை மென்பொருளோடு இணைப்பது எப்படி?

நாகர்கோவிலில் உங்கள் மூன்று மாடி அலுவலகத்துக்கு ஸ்மார்ட் பேட்ச் பேனல் (நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் போர்ட் பலகை; எந்தப் போர்ட்டில் கேபிள் செருகியிருக்கிறது என்று தானே கண்டறியும்) வாங்கலாமா, மென்பொருளோடு எப்படிச் சேரும் என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம்.

ஒவ்வொரு போர்ட்டிலும் சென்சார் உண்டு. சில வகைகளில் பேட்ச் கார்டில் (போர்ட்டில் செருகும் சிறு கேபிள்) வழக்கமான எட்டோடு ஒன்பதாவதாக ஒரு கம்பி, சிலவற்றில் பிளக்கில் ஆர்எஃப்ஐடி சில்லு (ரேடியோ அலையால் அடையாளம் சொல்லும் சில்லு). கார்டைப் பிடுங்கியதும் கன்ட்ரோலர் (சென்சார்களைக் கவனிக்கும் கருவி) அதை மென்பொருளுக்குச் சொல்லிவிடும். அப்புறம் மென்பொருள் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் தகவல் கேட்கும் நெறிமுறை) வழியாக, கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்சைக் கேட்டு, எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் என்று பொருத்திக்கொள்ளும்.

ஆனால் பேனலுக்குப் பின்னால் சுவருக்குள் ஓடும் கேபிள் எந்த அறைக்குப் போகிறது என்பதை நீங்கள்தான் பதிய வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். கேபிள் டெஸ்டரோடு அறை அறையாக நடந்து பாருங்கள், பழைய எக்செல் தாளை நம்பாதீர்கள்.

குளச்சல் பக்கம் ஓர் அலுவலகத்தில் உப்புக்காற்று பட்டு சென்சார் முனைகள் பச்சை பூத்து, பொய் எச்சரிக்கையாக வந்துகொண்டிருந்தது. கடலோரம் என்றால் மூடிய ரேக் அவசியம்.

இத்தகைய தானியங்கிக் கேபிள் மேலாண்மைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 18598-க்கு ஒத்துப்போகிறதா, ஏபிஐ (மற்ற மென்பொருள்கள் இதோடு பேசும் வழி) உண்டா என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.