போட்டிக்கு ஆளில்லாத ஆட்டம்

கேள்வி: பேஸ்பால் வீடியோ கேம் என்றால் ‘எம்.எல்.பி. தி ஷோ’வை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் புது கேம் வந்த கையோடு ரசிகர்கள் புலம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். பிடிக்காவிட்டால் வேறு கேம் ஆடிவிட்டுப் போகலாமே?

பதில்: எந்த வேறு கேம்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அமெரிக்க மேஜர் லீகின் நிஜ அணிகள், நிஜ வீரர்கள், 162 ஆட்டங்கள் கொண்ட முழு சீசன் எல்லாம் கன்சோலில் (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவியில்) வேண்டுமென்றால் இன்று இது ஒன்றுதான். ஆளே இல்லை என்று நீங்கள் பாராட்டாகச் சொல்வதைத்தான் அவர்கள் புகாராகச் சொல்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஆள் இருந்தது. இ.ஏ. நிறுவனத்தின் ‘எம்.வி.பி. பேஸ்பால் 2005’ பற்றி இன்றும் ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. அதே 2005-இல் டேக்-டூ நிறுவனம் லீகுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. டேக்-டூவையும் கன்சோல் தயாரிப்பவர்களையும் தவிர வேறு எந்த நிறுவனமும் மேஜர் லீக் கேம் வெளியிட முடியாது என்றானது. இ.ஏ. கழன்றுகொண்டது. டேக்-டூவின் ‘2கே’ பேஸ்பால் கேம் வரிசையோ தட்டுத்தடுமாறி 2013-இல் நின்றுபோனது. சோனி கன்சோல் தயாரிக்கும் நிறுவனம் என்பதால் ‘தி ஷோ’வைத் தயாரிக்கும் அதன் சான் டியேகோ ஸ்டூடியோவை அந்தத் தடை தொடவில்லை. கடைசியில் களத்தில் மிஞ்சியது அதுதான்.

மிஞ்சியவர்கள் திறமைசாலிகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து பேட்டரை அடைய ஏறக்குறைய 0.4 விநாடிதான் ஆகும். அதற்குள் அது அடிக்க வேண்டிய எல்லைக்குள் வரும் ஸ்ட்ரைக்கா, வெளியே போகிறதா, கடைசி நேரத்தில் இறங்கும் பந்தா என்று முடிவெடுக்க வேண்டும். இந்தப் பதற்றத்தை ஒரு கட்டுப்பாட்டுக் கருவிக்குள் அடக்கியிருக்கிறார்களே, அதுதான் இந்த கேமின் உயிர். இடது குச்சியால் மட்டை போய்ச் சேர வேண்டிய இடத்தை நகர்த்தி, சரியான கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். பந்து வீசுவதும் அப்படித்தான். 2021-இல் வந்த ‘பின்பாயின்ட்’ முறையில் ஒவ்வொரு பந்துவகைக்கும் ஒரு கோட்டுருவத்தை வலது குச்சியால் வரைய வேண்டும். கை கொஞ்சம் கோணினால் வளைந்து இறங்க வேண்டிய கர்வ்பால் பேட்டருக்கு முன்னால் உள்ள தட்டின் நடுவில் போய்த் தொங்கும், எதிராளி அதை மைதானத்துக்கு வெளியே அனுப்பிவிடுவார்.

நிறவெறிக் காலத்தில் மேஜர் லீகில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்கள் ஆடிய ‘நீக்ரோ லீகு’களின் வரலாற்றை 2023-இல் சேர்த்தது இன்னொரு நல்ல காரியம். கேன்சஸ் சிட்டியில் உள்ள அந்த லீகுகளின் அருங்காட்சியகத் தலைவர் பாப் கென்ட்ரிக் கதை சொல்ல, அங்கே புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சாட்செல் பெய்ஜாக நாம் பந்து வீசுகிறோம். பாடப்புத்தக வாசனையே அடிக்காமல் வரலாறு சொன்ன விளையாட்டு கேம் வேறொன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இனி புலம்பலுக்கு வருவோம். அதில் பாதி வெற்றுப் புலம்பல்தான். “நேரமும் சரி, இடமும் சரி, அப்படியும் அவுட்டா?” என்று குதிக்கிறார்கள். ஆமாம், பளீரென்று அடித்த பந்து நேராக ஃபீல்டர் கையில் போய் விழுவதும் பேஸ்பால்தான். அது வேண்டாம் என்பவர்களுக்கு வேண்டியது வேறு விளையாட்டு.

மீதிப் பாதி நியாயமானது. ஒரே அணியைப் பல சீசன் நடத்திப் பார்க்கும் ‘ஃபிராஞ்சைஸ்’ பகுதியை ஸ்டூடியோ ஆண்டுக்கணக்கில் அரைமனதோடுதான் தொட்டுவந்திருக்கிறது. பழைய சேமிப்பைப் புது கேமுக்குக் கொண்டுபோகும் வசதி முன்பு இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். உழைப்பெல்லாம் எங்கே போகிறது? வீரர்களின் கார்டுகளைச் சேர்த்து அணி அமைக்கும் ‘டயமண்ட் டைனஸ்டி’ பகுதிக்கு, அதாவது கார்டுக் கடைக்கு. அங்கே ‘ஸ்டப்ஸ்’ என்ற நாணயத்தை ஆடியும் சம்பாதிக்கலாம், நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம். காசு போடாமலே நல்ல அணி சேர்க்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இந்த விஷயத்தில் மற்ற பெரிய விளையாட்டு கேம்களைவிட இது தாராளம். ஆனால் சேர்த்த கார்டுகள் அடுத்த ஆண்டு கேமுக்கு வராது. 2023-இல் அதற்கும் ஒருபடி மேலே போய், சில மாதங்கள் கழிந்ததுமே பெரும்பாலான கார்டுகளை முக்கிய ஆட்டங்களில் பயன்படுத்த முடியாதபடி ‘சீசன்’ முறை கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டு அது தளர்ந்தது, பிறகு கைவிடப்பட்டது. நீங்கள் புலம்பல் என்று ஒதுக்கும் அதே கூச்சல்தான் அதைச் செய்தது.

போட்டிக்கு ஆள் இருந்திருந்தால் கூச்சலுக்கே வேலையில்லை, பாதிப் பேர் சத்தமில்லாமல் மாறியிருப்பார்கள். இப்போது மாற நினைத்தால் ‘சூப்பர் மெகா பேஸ்பால் 4’ இருக்கிறது. ஆட அருமையான கேம், ஆனால் அணிகள் கற்பனை. நியூயார்க்கின் நிஜ அணியான யாங்கீஸின் ரசிகரை அங்கே அனுப்பிப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.